பூவை விட்டு இலையைப் பார்

அமெரிக்கத் தாவரவியலாளர்களிடம் ஒரு செல்ல வசவு புழங்குகிறது. ஜூலை மாதக் கடைசியில் இல்லினாயிலோ அயோவாவிலோ ஒரு பிரெய்ரி புல்வெளியின் ஓரத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் தெரியும் மஞ்சள் பூவைக் காட்டி என்ன செடி என்று கேட்டால், "பாழாய்ப்போன மஞ்சள்" என்று முணுமுணுப்பார்கள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சளாகப் பூக்கிற, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்ல முடியாத செடிகள் அனைத்துக்கும் அதுதான் பொதுப்பெயர். பறவை பார்ப்பவர்கள் பிடிபடாத தவிட்டு நிறக் குருவிகளையெல்லாம் ஒரே பெயரில் ஒதுக்கிவிடுவதும் இதே சலிப்பில்தான்.

சலிப்புக்குக் காரணம் இருக்கிறது. பூக்கும் செடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தக் குடும்பம். வட அமெரிக்கத் தாவரங்களை விவரிக்கும் பெருந்தொகுப்பில் இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் 19, 20, 21 என்று மூன்று தொகுதிகள் தேவைப்பட்டன. 2006-இல் அவை வெளிவந்தன. கோடையின் நடுவில் ஆளுயரப் புல் மண்டிய பிரெய்ரியில் இவற்றில் பல ஒரே நேரத்தில் பூக்கின்றன. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் மஞ்சள் இதழ்கள். பெரிது சிறிது என்ற வேறுபாட்டைத் தவிர கண்ணுக்கு வேறொன்றும் தட்டுப்படாது.

அந்த மஞ்சளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். புல்லைத் தாண்டி இரண்டரை மீட்டருக்கு நெடுநெடுவென்று எழுந்து நிற்கும் ஒற்றைத் தண்டு. தண்டின் மேல்பாதியில் உள்ளங்கை அகலப் பூக்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தண்டிலும் இலையிலும் சொரசொரவென்று முரட்டு மயிர். வழியில் போகிறவர் யாரைக் கேட்டாலும் காட்டுச் சூரியகாந்தி என்று சொல்லிவிடுவார். அது சூரியகாந்தி இல்லை. இல்லை என்று எப்படித் தெரிகிறது என்பதுதான் சுவாரசியம், ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்கப் போகிறவர் அந்தச் செடி எப்படிப் பிழைக்கிறது என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார்.

முதலில் பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாமந்தியை அர்ச்சனைக்கு உதிர்த்தவர்கள் இதை அறியாமலே பார்த்திருப்பார்கள்: உதிர்க்கும் ஒவ்வோர் "இதழின்" அடியிலும் பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டு வரும். அது சூற்பை. அதாவது நாம் இதழ் என்று நினைத்தது ஒரு முழுப் பூ. சாமந்தி, செண்டுப்பூ, கரிசலாங்கண்ணி, வாய்க்கால் வரப்பில் முளைக்கும் தாத்தாப்பூ, சூரியகாந்தி எல்லாமே இப்படித்தான். நாம் ஒரு பூ என்று கிள்ளுவது பத்துப் பூக்களாகவோ ஆயிரம் பூக்களாகவோ இருக்கும். தாவரவியலில் இதற்குத் தலைமஞ்சரி என்று பெயர். விளிம்பில் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பவை கதிர்ப்பூக்கள். நடுவட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும் குட்டிக் குழல்கள் வட்டுப்பூக்கள். எல்லாவற்றையும் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் பச்சைச் செதில்கள் சேர்ந்து ஒரு கிண்ணம்.

வட்டுப்பூ ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் உள்வேலை தெரியும். ஐந்து மகரந்தப் பைகளும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாகி நிற்கின்றன. மகரந்தம் அந்தக் குழாயின் உள்பக்கமாகக் கொட்டுகிறது. பிறகு சூல்தண்டு அடியிலிருந்து மெதுவாக வளர்ந்து, குழாயில் உள்ள மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டே வந்து வெளியே குவிக்கிறது. தேனீ வந்து அதை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் சூல்தண்டின் நுனி இரண்டாகப் பிளந்து, வேறொரு செடியின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. முதலில் ஆண், பிறகு பெண். அந்தச் சிறு குழலுக்குள் இவ்வளவு ஒழுங்கு.

சூரியகாந்தியில் விதை தருபவை இந்த வட்டுப்பூக்கள்தாம். விளிம்பிலுள்ள கதிர்ப்பூக்கள் மலடு. தேனீயைக் கூப்பிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. முற்றிய சூரியகாந்தித் தட்டின் நடுப்பகுதி முழுவதும் விதை அடைந்து கிடப்பது இதனால்தான்.

நம் நெட்டைச் செடியில் இந்த ஏற்பாடு தலைகீழ். விளிம்பிலிருக்கும் கதிர்ப்பூக்களே பெண்; விதை தருவது அவை மட்டும்தான். நடுவிலிருக்கும் வட்டுப்பூக்கள் மகரந்தம் தருவதோடு சரி, அவற்றில் ஒரு விதைகூட விளையாது. அவற்றுக்கும் சூல்தண்டு இருக்கிறது, ஆனால் நுனி பிளப்பதில்லை. மகரந்தத்தை வெளியே தள்ளும் கோலாக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. பூ வாடிய பின் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐயமே இருக்காது: நடுவில் சருகு, விளிம்பைச் சுற்றித் தட்டையான, ஓரத்தில் சிறகு வைத்த விதைகள். பிரெய்ரியின் நெட்டை மஞ்சள்களில் சில்பியம் என்ற பேரினத்துக்கு இது கையெழுத்து. வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இயல்பாக விளையாத பேரினம்.

பேரினம் தெரிந்தாயிற்று. இனம் தெரிய வேண்டுமானால் பூவை விட்டுவிட்டுக் கீழே குனிய வேண்டும்.

அடியிலிருக்கும் இலைகள் முழங்கை நீளத்துக்கு மேல் வளர்கின்றன. நடு நரம்பு வரை ஆழமாக வெட்டுப்பட்டு, பெரிய பெரிய விரல்களாகப் பிரிந்து நிற்கின்றன. இந்த வெட்டு ஒன்றே போதும், இது சில்பியம் லாசினியேட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தச் செடிக்குப் பேர் வாங்கித் தந்தது இலையின் வடிவம் இல்லை, அது நிற்கும் நிலை. பெரும்பாலான செடிகள் மொட்டைமாடியில் வடாம் காயவைத்ததுபோல இலையை வானம் பார்க்க விரித்துப் போடுகின்றன. இது இலையைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஒரு முகத்தைக் கிழக்கேயும் மறுமுகத்தை மேற்கேயும் காட்டுகிறது. விளிம்புகள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. திசைகாட்டிச் செடி என்று குடியேறிகள் அழைத்தார்கள்.

மரமே இல்லாத, அடிவானம் வரை ஒரே புல்லான நிலத்தில் வழி தவறியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேட்டைக்காரர்களிடையே புழங்கிய இந்தச் சேதியை 1842-இல் பெஞ்சமின் ஆல்வோர்ட் என்ற அமெரிக்கப் படை அதிகாரி வாஷிங்டனிலிருந்த அறிவியல் சங்கத்துக்கு எழுதித் தெரிவித்தார். நகரத்து அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை. நம்பியவர்களுக்கும் விளக்கம் அகப்படவில்லை. இலையில் இரும்பு இருக்குமோ, காந்தம் இழுக்கிறதோ என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து கவிஞர் லாங்ஃபெலோ தம்முடைய "எவாஞ்சலின்" காவியத்தில் இந்தச் செடியைக் கொண்டுவந்து, அதை மிகவும் மென்மையான செடியாக வருணித்துவிட்டார். பிற்காலப் பதிப்புகளில் அந்த அடைமொழி மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டரை மீட்டர் உயரத்துக்கு, தொட்டால் கை உராயும் முரட்டுத்தனத்தோடு நிற்கும் ஒன்றை மென்மை என்பது மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு மட்டுமே சாத்தியம்.

காரணம் காந்தம் இல்லை, வெயில். காலையில் கிழக்கு முகத்தின் மேல் வெயில் நேராக விழுகிறது. மாலையில் மேற்கு முகத்தின் மேல். வெப்பம் உச்சத்தில் இருக்கும் நடுப்பகலில் இலையின் விளிம்பு மட்டுமே சூரியனைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் இலை சூடேறுவதும் குறைவு, தண்ணீர் ஆவியாவதும் குறைவு. இரண்டு முகங்களிலும் காற்றுத் துளைகள் இருப்பதால் இரண்டுமே உணவு தயாரிக்கின்றன. மேல்பக்கம், அடிப்பக்கம் என்ற பாகுபாடே இந்த இலைக்கு இல்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ஐ ஒட்டி இலைகளை வெவ்வேறு நிலையில் பிடித்துக் கட்டிவைத்து அளந்து பார்த்தார்கள். செலவழிக்கும் தண்ணீருக்கு ஈடாகக் கிடைக்கும் உணவைக் கணக்கிட்டால், படுக்கவைத்த இலையைவிடக் கிழக்கு மேற்கு பார்த்து நிமிர்ந்த இலையே கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது.

இன்னொரு நுணுக்கமும் தெரியவந்தது. இலை தினமும் சூரியனோடு திரும்புவதில்லை. வளரும் பருவத்தில் காம்பு முறுக்கிக்கொண்டு ஒரு நிலைக்கு வந்து நிற்கிறது; அதன் பிறகு அசைவில்லை. அந்த நிலையைத் தீர்மானிப்பது காலை வெயில் விழும் திசை. நிழலில் முளைத்த செடிக்கு அந்த வெயில் கிடைக்காததால், அதன் இலைகள் கண்டபடி நிற்கும். வெட்டவெளியிலும் எல்லா இலைகளும் கோடு போட்டதுபோல் வடக்கைக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாலைந்து செடிகளைப் பார்த்துச் சராசரி எடுத்துக்கொள்வது நல்லது. காலை வெயிலின் செல்வாக்கு இந்தக் குடும்பத்தில் வேறிடத்திலும் உண்டு. சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளியில் படித்திருப்போம். இளஞ்செடிதான் அப்படித் திரும்புகிறது. முற்றிய தலை கிழக்கு பார்த்தே நின்றுவிடும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் காட்டியபடி, கிழக்கு பார்த்த தலை காலையில் சீக்கிரம் சூடேறுகிறது, சூடேறிய தலைக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன.

திசைகாட்டிச் செடியின் உடன்பிறப்புகளைப் பூவை வைத்துப் பிரிக்க முயன்றால் ஒரு நாள் போய்விடும். இலையையும் தண்டையும் வைத்தால் ஒரு நிமிடம். அகன்ற முழு இலைகள் அடியில் மட்டும் கொத்தாக நின்று, தண்டு கிட்டத்தட்ட மொட்டையாக மேலே போனால் அது சில்பியம் டெரெபிந்தினேசியம். கடும் வெயிலில்கூட அந்த இலையைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். தண்டு சதுரமாக இருந்து, எதிரெதிர் இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணமாகி, மழை பெய்தால் அதில் தண்ணீர் தங்கினால் சில்பியம் பெர்ஃபோலியேட்டம். சிறு பறவைகள் அதில் வந்து குடிக்கும். ஜெர்மனியில் இந்தச் செடியை இப்போது சாண எரிவாயுக் கலங்களுக்கான தீனியாகப் பயிரிடுகிறார்கள். வெட்டும் இல்லை, கிண்ணமும் இல்லை, தண்டு நெடுகச் சாதாரண இலைகள்தான் என்றால் சில்பியம் இன்டெக்ரிஃபோலியம். பார்க்க அவ்வளவு எடுப்பாக இல்லாத இந்தக் கடைசிச் செடியை மறந்துவிட வேண்டாம்.

மெய்யான காட்டுச் சூரியகாந்திகளிடம் வந்தால் நிலைமை மோசமாகிறது. அவை ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கின்றன. 1929-இல் வாட்சன் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்தில் 108 இனங்கள் இருப்பதாகப் பிரித்து எழுதினார். 1969-இல் சார்ல்ஸ் ஹெய்சர், வட அமெரிக்காவில் இருப்பவை ஏறக்குறைய 50-தான் என்று குறைத்துவிட்டார். இடைப்பட்ட 40 ஆண்டுகளில் எந்தச் செடியும் அழிந்துபோகவில்லை. வாட்சன் தனி இனம் என்று எண்ணிய பலவும் கலப்புப் பிள்ளைகள், அல்லது ஒரே இனத்தின் வேறு வேறு முகங்கள். கலப்பு என்றால் கலப்போடு முடிவதுமில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மணல்மேட்டிலும் பாலையிலும் உவர்ச் சதுப்பிலும் வளரும் மூன்று சூரியகாந்தி இனங்கள், ஒரே இரண்டு பெற்றோர் இனங்களின் கலப்பில் தனித்தனியாகப் பிறந்து, பெற்றோர் பிழைக்க முடியாத இடங்களில் குடியேறியவை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே வயல்வெளியில் நின்றுகொண்டு "இதுவா அதுவா" என்று குழம்புகிறவர் அறிவில்லாதவர் என்று சொல்ல முடியாது. செடியே இன்னும் முடிவு செய்யாமல் இருக்கலாம்.

ஆனாலும் சில செடிகள் கைகொடுக்கும். இலை நடு நரம்பில் மடிந்து, அரிவாள்போல் வளைந்து, பூக்கள் தண்டு நெடுகக் கக்கங்களில் பூத்திருந்தால் அது மாக்சிமிலியன் சூரியகாந்தி. 1832 முதல் 1834 வரை வட அமெரிக்காவில் பயணம் செய்த ஜெர்மானிய இளவரசர் மாக்சிமிலியனின் பெயர் அதற்கு. அதைப்போலவே உயரமாக, ஆனால் தண்டு மயிரில்லாமல் வழுவழுவென்று சாம்பல் பூத்திருந்தால் ரம்பப்பல் சூரியகாந்தி. சூரியகாந்தியைப் போலவே நடிக்கும் ஹீலியாப்சிஸ் என்றொன்று உண்டு. அதில் கதிர்ப்பூ, வட்டுப்பூ இரண்டுமே விதை தரும். கதிர்ப்பூக்கள் உதிராமல் காகிதமாகக் காய்ந்து தலையிலேயே ஒட்டிக்கிடக்கும். ஆக, விதை யார் தருகிறார்கள் என்ற ஒரே கேள்வி மூன்று பேரினங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது: நடு மட்டும் என்றால் சூரியகாந்தி, விளிம்பு மட்டும் என்றால் சில்பியம், இரண்டும் என்றால் ஹீலியாப்சிஸ்.

மற்றவை சுலபம். நடு வட்டம் கரும்பழுப்புக் கூம்பாக இருந்தால் ருட்பெக்கியா. கதிர்ப்பூக்கள் சோர்ந்து தொங்கி, கசக்கினால் சோம்பு வாசம் வரும் நீளக் கூம்பு என்றால் ராட்டிபிடா. தண்டில் இறகுபோல் ஓரம் ஓடி, கதிர்ப்பூவின் நுனி மூன்றாக வெட்டுப்பட்டிருந்தால் ஹெலீனியம்.

இதில் ஒன்றைக் கவனித்திருக்கலாம். செடியை அடையாளம் காட்டும் குறிப்புகளில் மஞ்சள் நிறம் எங்குமே வரவில்லை. கைபேசியில் பூவை மட்டும் நேருக்கு நேர் அழகாகப் படமெடுத்துக்கொண்டு வந்து பெயர் கேட்பவர்களுக்கு நிபுணர்களும் செயலிகளும் பதில் சொல்லத் திணறுவது இதனால்தான். பூவின் முதுகுப்பக்கம் ஒன்று, இலை தண்டில் சேரும் இடம் ஒன்று, அடியிலை ஒன்று, செடி முழுவதும் ஒன்று என்று நான்கு படம் எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். பூவின் முகம் நமக்காக வரைந்தது இல்லை.

யாருக்காக வரைந்தது என்பதையும் பார்த்துவிடலாம். தேனீயின் கண்ணுக்கு நாம் காணாத புற ஊதா ஒளி தெரியும். ருட்பெக்கியாவின் கதிர்ப்பூக்கள் நமக்கு அடி முதல் நுனி வரை ஒரே மஞ்சள். புற ஊதாவில் படமெடுத்தால் நுனிப்பகுதி பளிச்சென்றும் அடிப்பகுதி கறுத்தும் தெரிகின்றன. தலை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு பெரிய கரு வளையம், குறி பார்த்து இறங்குவதற்கு. அடிப்பகுதியில் சேர்ந்திருக்கும் ஃபிளேவனால் என்ற வேதிப்பொருள்கள்தாம் அந்த ஒளியை விழுங்குகின்றன என்று 1972-இல் கண்டறிந்தார்கள். 50 ஆண்டு கழித்துக் கதை இன்னும் வளர்ந்தது. சாதாரணச் சூரியகாந்தியின் காட்டு வகைகளில் இந்தக் கரு வளையத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. வறண்ட பகுதிகளில் வளையம் பெரிது. அதே ஃபிளேவனால்கள் பூவில் தண்ணீர் வீணாகாமல் காக்கவும் உதவுகின்றன என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2022-இல் எழுதியது. தேனீக்கு வழி காட்டும் பொருளே வறட்சிக்கும் கவசம்.

பெயர் கண்டுபிடிப்பதில் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு பூச்சியும் பிரெய்ரியில் இருக்கிறது. ஆன்டிஸ்ட்ரோஃபஸ் ரூஃபஸ் என்பது எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி. திசைகாட்டிச் செடியின் தண்டுக்குள் முட்டையிடும். வெளியே புடைப்போ வடுவோ எதுவும் தெரியாது. குளிர்காலத்தில் செடியின் மேல்பாகம் செத்துக் காய்ந்துவிடுகிறது. புழு அந்தக் காய்ந்த தண்டுக்குள்ளேயே பனியைக் கழிக்கிறது. வசந்தத்தில் ஆண் குளவிகள் முதலில் வெளியே வந்து, பெண் குளவிகள் வெளிப்படப்போகும் தண்டுகளைத் தேடித் திரிகின்றன. பூ இல்லை, இலை இல்லை, பச்சை இல்லை. எங்கும் ஒரே சருகு. எந்தத் தண்டுக்குள் பெண் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் புழு, தண்டின் பைனீன் என்ற வாசனைப் பொருளின் இடம் வலம் வடிவங்களின் விகிதத்தை மாற்றிவிடுகிறது. ஆண் குளவி தன் உணர்கொம்புகளால் தண்டைத் தட்டித் தட்டி அந்த விகிதத்தை முகர்கிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் இதை வெளியிட்டார்கள். பூச்சிகள் துணையை ஈர்க்கத் தம் உடலிலிருந்து வாசனை விடுவது வழக்கம். இங்கே செடியின் வாசனையே அந்த வேலையைச் செய்கிறது.

அந்த வாசனைக்கு மூலம் பிசின். தண்டில் காயம் பட்டால் பிசின் கசிந்து வெளுப்பாகக் கெட்டியாகும். மண்ணின் குடிகளான ஒமாஹா, போன்கா மக்களின் பிள்ளைகள் அதை எடுத்து மென்றார்கள். பின்னால் வந்த குடியேறிகளின் பிள்ளைகளும் மென்றார்கள். இந்தச் செடி நிறைந்த இடத்தில் மின்னல் அடிக்கடி விழும் என்று ஒமாஹாக்களும் போன்காக்களும் நம்பி, அங்கே கூடாரம் அடிக்காமல் தவிர்த்ததாக, அந்த மக்களின் தாவரப் பயன்பாட்டை ஆராய்ந்த மெல்வின் கில்மோர் 1919-இல் வெளியான தம் நூலில் பதிந்திருக்கிறார். வெட்டவெளியில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கும் ஒன்றின் அருகில் இடிமழையில் படுக்காமல் இருப்பது, நம்பிக்கையை ஒதுக்கிவைத்தாலும் புத்திசாலித்தனம்தான்.

தரைக்கு மேலே இரண்டரை மீட்டர் என்றால் கீழே அதைவிட அதிகம். ஆணிவேர் 4 மீட்டர் ஆழத்தைத் தாண்டிப் போகும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புல்வெளியில் ஆழமான குழிகள் வெட்டி, பக்கச் சுவரைச் சுரண்டிச் சுரண்டி, பிரெய்ரிச் செடிகளின் வேர்களை ஒவ்வொன்றாக வரைந்தார். புல்வெளியின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை அவருடைய படங்கள் காட்டின. திசைகாட்டிச் செடியின் விதை முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் வேரைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கும். ஒருமுறை காலூன்றிவிட்டால் மனிதரின் ஆயுளுக்கு இருக்கும். தீ வந்தால் மேல்பாகம் போகும், மொட்டு மண்ணுக்குள் தப்பிக்கும். காட்டெருமை மேய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

கலப்பை வந்தால் மட்டும் தப்பவில்லை. 1837-இல் இல்லினாயின் கிராண்ட் டீட்டூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் வழுவழுப்பான எஃகுக் கலப்பையைச் செய்தார். பிரெய்ரியின் பசைக் கரிசல் அதில் ஒட்டவில்லை. ஒரு தலைமுறைக்குள் புல்வெளி மக்காச்சோளக் காடானது. இல்லினாயில் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. அதில் தரம் கெடாமல் மிஞ்சியது சுமார் 2,500 ஏக்கர். பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்குதான் தேறியது. அந்த மாநிலத்துக்கு இன்றும் பட்டப்பெயர் பிரெய்ரி மாநிலம்தான்.

மிஞ்சியவை கலப்பை நுழையாத மூலைகள்: ரயில் பாதையின் ஓரம், பழைய கல்லறைத் தோட்டம். கல்லறைக்கு நடுவே ஏர் ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் அங்கே புதைந்தவர்களோடு அவர்கள் பார்த்த புல்வெளியும் ஒரு துண்டு தப்பியது. விஸ்கான்சினில் இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்ட் அப்படியொரு கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஆண்டுதோறும் இந்தச் செடி பூப்பதைப் பார்த்துவந்தார். ஒரு கோடையில் சாலைப் பணியாளர்கள் வேலியை அகற்றிச் செடியை வெட்டிவிட்டிருந்தார்கள். 1949-இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளியான அவருடைய நூலில் அந்தச் செடிக்காக ஒரு பகுதி இருக்கிறது. அந்தச் சாலையில் போனவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்பதே அவர் கேள்வி. களை என்று வெட்டியவர்களை நான் குறை சொல்லத் தயங்குவேன். பெயர் தெரியாத மஞ்சளை யார்தான் விட்டுவைப்பார்கள்?

ராபர்ட் பெட்ஸ் என்ற சிகாகோ உயிரியல் பேராசிரியர் ஊர் ஊராகப் போய்க் கல்லறைத் தோட்டங்களில் இப்படிப்பட்ட துண்டுகளைத் தேடிப் பதிவு செய்தார். 1975-இல் அவர் யோசனைப்படி, சிகாகோவுக்கு மேற்கே ஃபெர்மி ஆய்வகத்தின் துகள் முடுக்கி வளையத்துக்கு உள்ளே இருந்த நிலத்தில் பிரெய்ரியை மறுபடி விதைக்கத் தொடங்கினார்கள். புரோட்டான்கள் நிலத்தடியில் வட்டமடித்துக்கொண்டிருந்தபோது அந்த வட்டத்துக்கு உள்ளே தரையில் திசைகாட்டிச் செடி வேர்விட்டது. விதைக்குத் தன்னார்வலர்கள் மிஞ்சிய துண்டுகளுக்குப் போய்க் கையால் பறிக்க வேண்டியிருந்தது. அங்கே, எது எந்த மஞ்சள் என்று தெரியாதவருக்கு வேலை இல்லை.

அந்த எடுப்பில்லாத கடைசி உடன்பிறப்பு, சில்பியம் இன்டெக்ரிஃபோலியம், இப்போது கான்சாஸின் சலைனாவில் வயலுக்கு வந்திருக்கிறது. அங்குள்ள லேண்ட் இன்ஸ்டிட்யூட், ஒருமுறை விதைத்தால் பல ஆண்டு நிற்கும் எண்ணெய் வித்துப் பயிராக அதை மாற்ற முயல்கிறது. சூரியகாந்தியை ஆண்டுதோறும் உழுது விதைக்க வேண்டும். நம் ஊருக்கு 1969-இல் சோவியத் நாட்டிலிருந்து எண்ணெய்க்காக வந்ததும், தமிழ்நாட்டின் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் இன்று படமெடுக்கக் கூட்டம் கூடுவதும் அந்த ஓராண்டுச் செடிதான். சில்பியத்துக்கு ஆழ வேர் இருக்கிறது, வறட்சி தாங்கும், மண் அரிக்காது. துரு நோயும் தலையைத் துளைக்கும் அந்துப்பூச்சியும் தொல்லை கொடுக்கின்றன. அவற்றோடு செடியின் பழைய தலைகீழ் ஏற்பாடும் குறுக்கே நிற்கிறது: விதை விளிம்பில் மட்டும், அதனால் ஒரு தலைக்கு இரண்டு மூன்று டசன் விதைதான் தேறும். ஆகவே அங்குள்ளவர்கள் கதிர்ப்பூக்கள் அதிகமாக உள்ள தலைகளாகப் பார்த்துப் பொறுக்கி, அவற்றின் விதையை விதைத்து, அதிலும் அதிகமானவற்றைப் பொறுக்குகிறார்கள். விளிம்பு வரிசை வரிசையாக அடர்ந்துகொண்டு வருகிறது. இது இன்னும் சில பத்தாண்டு நடந்தால், கதிர்ப்பூக்களை எண்ணிப் பெயர் சொல்லும் அடையாளக் கையேடுகளில் இந்த ஒரு செடிக்கு மட்டும் புதிய வரி சேர்க்க வேண்டியிருக்கும்.